பகார்னா வேலி மட்டும்தானா?

இந்தோனேசியாவுல, சுரபாயாவுல புதுசா வேலைக்கு சேர்ந்திருக்கிற ஒரு தம்பியோட கேள்வி இது. காலையில செக்யூரிட்டி "பகாரை சாத்துங்க"ன்னு சொல்றாராம், போன்ல பேலன்ஸ் பார்க்கணும்னா கடைசியில "பகார்" அமுக்கணும்னு சொல்றாங்களாம், யூட்யூப் திறந்தா கடல்ல பகார் போட்டாங்கன்னு ஒரே சண்டையாம், இதுக்கு நடுவுல ஆபீஸ்ல ஒருத்தர் வந்து என் தங்கச்சி கல்யாணத்துல நீ பகாரா வந்து நிக்கணும்னு கூப்பிட்டிருக்காரு. இது என்ன ஒரே வார்த்தை இத்தனை எடத்துல வருது, தமிழ் "பகிர்"ல இருந்து போன வார்த்தையா, தடைன்னு வர்ற எடத்துல எல்லாம் இதையே போட்டு எழுதிடலாமா, இதுதான் கேள்வி.

நான் மலேசியாவுல, கிள்ளான்ல பொறந்து வளர்ந்த ஆளு. மலாய் படிச்சது பள்ளிக்கூடத்துல, இந்தோனேசியன் கத்துக்கிட்டது சோத்துக்காக. மெஷின் மேனுவல், இன்சூரன்ஸ் பாலிசி, மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வைக்கிற பேப்பர்னு பதினஞ்சு வருஷமா ரெண்டு மொழிக்கும் நடுவுல மாத்தி எழுதிட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல தமிழ் சமாச்சாரத்தை முடிச்சுடுவோம். பகிர்ல இருந்து பகார் வரல. பகிர்ந்து பிரிக்கிறதுதானே வேலின்னு கேட்டா காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அது உண்மையில்ல. பகார் இந்தோனேசியா, மலேசியா பக்கத்து தீவுங்களோட சொந்த வார்த்தை, ஜாவா மொழியில "பகெர்"னு இருக்கு, அந்த மொழிக்குடும்பத்தோட மூல ரூபத்தை தேடிப்போற மொழியியல்காரங்களும் ஊரையோ வயலையோ சுத்தி நட்ட கழி வரிசைங்கிற அர்த்தத்துலதான் கொண்டுபோய் நிறுத்துறாங்க. நம்ம வார்த்தைங்க அங்க போகலன்னு இல்ல, நெறைய போயிருக்கு, கடை அங்க கெடாய், கப்பல் காப்பால், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி, முதல் போட்டு தொழில் பண்ற முதல் அங்க மோடால். தடுப்பு சம்பந்தமாவே ஒண்ணு வேணும்னா திரை இருக்கு, அங்க "திராய்". ரஷ்யா பக்கத்து இரும்புத்திரைக்கு மலாய்ல "திராய் பெசி"ம்பாங்க, பெசின்னா இரும்பு, அதுல பாதி நம்ம சரக்கு. கோத்தா பாரு, கோத்தா கினபாலுன்னு மலேசிய ஊருப்பேருல வர்ற கோத்தா நம்ம கோட்டையோட சொந்தக்காரன், அது சமஸ்கிருதம் வழியா போச்சுன்னுதான் பொதுவா சொல்லுவாங்க. அங்க கோட்டைங்கிற அர்த்தம் விரிஞ்சு நகரம்னு ஆயிடுச்சு. இத்தனை இருக்கும்போது பகாரையும் இழுத்து நம்ம கணக்குல எழுத வேண்டிய அவசியம் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பகாரை "தடை"ன்னு மனசுல வச்சுக்கிட்டா பாதி எடத்துல குழம்புவீங்க. மூங்கிலை பிளந்து, இல்ல நிபோங் பனைமரத்தை கீறி, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா மண்ணுல நட்டு வச்சிருக்கிற ஒரு வரிசையை கண்ணுல கொண்டு வாங்க, நடுவுல சந்து இருக்கும், அந்தப்பக்கம் தெரியும், காத்து வரும், கோழிக்குஞ்சு கூட நுழைஞ்சுடும், மாடு மட்டும் நுழையாது. அதுதான் பகார். செங்கல் வச்சு கட்டி அந்தப்பக்கம் தெரியாம பண்ணிட்டா அது "தெம்போக்", சுவர். வீட்டுக்குள்ள அறையை பிரிக்கிறது, வீட்டோட பக்கச்சுவரு எல்லாம் "டிண்டிங்". செம்பருத்தியை வரிசையா வச்சு வளர்த்து வேலியாக்கினா "பகார் ஹிடுப்", ஹிடுப்னா உயிரோட இருக்கிறது, நம்ம ஊர்ல கிளுவை நட்டு உயிர்வேலிங்கிறோமே அச்சு அசலா அதேதான், யாரும் யாரையும் பார்த்து எழுதல. ஆக பகாருக்குள்ள ஓடுற எண்ணம் தடுக்கிறது கூட இல்ல, வரிசையா சுத்தி நிக்கிறது. இதை புடிச்சுக்கிட்டா மத்த எல்லாம் தானா வரும், தடுக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறந்தான்.

போன்ல இருக்கிற பகார் அதுல ரொம்ப சிம்பிள். # இந்தக் குறியை பாருங்க, ரெண்டு கழி நட்டு ரெண்டு கழி குறுக்க கட்டின மாதிரி இல்ல? அதனால "தண்டா பகார்", வேலிக் குறி. டெல்கொம்செல் சிம் வச்சிருந்தா பேலன்ஸுக்கு *888# போடுவீங்க, அதை வாயால சொல்லும்போது பிந்தாங் டெலாப்பான் டெலாப்பான் டெலாப்பான் பகார், நட்சத்திரம் எட்டு எட்டு எட்டு வேலி. அப்புறம் ட்விட்டர் வந்தப்ப ஹேஷ்டேக்குக்கு ஒரு வார்த்தை வேணும்னு தண்டாவுல இருந்து "த"வையும் பகார்ல இருந்து "கார்"ஐயும் புடுங்கி ஒட்டி "தகார்"னு ஆக்கிட்டாங்க. இந்தோனேசியாக்காரங்களுக்கு இப்படி வெட்டி ஒட்டுறதுல ஒரு பைத்தியமே உண்டு. 2018ல 2019GantiPresiden மாதிரி ஒரு கோஷம், 2019ல அதிபரை மாத்துங்கிறது, தகாராவே ஆரம்பிச்சு டி சர்ட், ஊர்வலம்னு தெருவுக்கே வந்துச்சு, செய்தி வாசிக்கிறவங்க "தகார்"னு சேர்த்துத்தான் வாசிப்பாங்க. மலேசியாவுல எங்க ஆளுங்க வாயில ஹேஷ்டேக்தான், தண்டா பகார்னு எழுத்துல பார்க்கலாம், தகார்னு சொன்னா என் மலாய் நண்பனுங்க முழிப்பானுங்க.

போன்ல நட்சத்திரமும் வேலியும் சேர்ந்து வரும்னு சொன்னேன்ல, மலாய்ல ஒரு பழைய உவமை இருக்கு, "பாகாய் பூலான் டிபகார் பிந்தாங்", நட்சத்திரங்க வேலி கட்டின நிலா மாதிரி. ஒரு அழகான பொண்ணு தோழிங்க நடுவுல உட்கார்ந்திருந்தாலும் சொல்லுவாங்க, ஜோடி ரொம்ப பொருத்தமா அமைஞ்சாலும் சொல்லுவாங்க. இதுல "பாகாய்"ங்கிற வார்த்தை நம்ம "வகை"யில இருந்து போனது, சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க. யோசிச்சு பாருங்க, நட்சத்திரம் நிலாவை எங்க தடுக்குது? சுத்தி நிக்குது, அவ்வளவுதான். நான் சொன்ன அந்த வரிசை எண்ணம் இதுல பளிச்சுனு தெரியும்.

உங்க ஆபீஸ்காரர் கூப்பிட்டதும் இதே கணக்குதான். ஜாவா கல்யாணத்துல வாசல்ல இருந்து மேடை வரைக்கும் ரெண்டு பக்கமும் இளவட்டங்க வரிசையா நிப்பாங்க, பொண்ணுங்க "பகார் ஆயு", பசங்க "பகார் பாகுஸ்". ஆயுன்னா ஜாவாவுல அழகு, பாகுஸ்னா லட்சணமானவன். உங்களை கேட்டது பகார் பாகுஸா நிக்கச் சொல்லி. வேலின்னு சொல்லிட்டு யாரையும் தடுக்கச் சொல்லல, கையெழுத்து போடுற நோட்டு எங்க, சாப்பாடு எங்கன்னு வர்றவங்களுக்கு வழி காட்டணும், பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது கூட நடக்கணும். எப்படி நிக்கணும்ங்கிறதை கடைசியில சொல்றேன்.

மனுஷங்க வேலியா நிக்கிறதுன்னு ஆரம்பிச்சா இந்த வார்த்தைக்கு கொஞ்சம் கசப்பான பக்கமும் இருக்கு. இந்தோனேசிய ஃபுட்பால் கமெண்டரி கேட்டீங்கன்னா ஃப்ரீகிக் அடிக்கும்போது கோலுக்கு முன்னாடி அஞ்சாறு பேரு கையை கட்டிக்கிட்டு நிக்கிறதை "பகார் பெத்திஸ்"ம்பாங்க. பெத்திஸ்னா கெண்டைக்கால், கெண்டைக்கால் வேலி. கேட்க சிரிப்பா இருக்கும். ஆனா இது கிரவுண்டுல பொறந்த வார்த்தை இல்ல. மேற்கு ஜாவாவுல கார்த்தோசுவிர்யோங்கிறவர் 1949 ஆகஸ்ட்ல தனியா ஒரு இஸ்லாமிய அரசுன்னு அறிவிச்சுட்டு மலையில இருந்துக்கிட்டு பத்து வருஷத்துக்கு மேல சண்டை போட்டாரு. இந்தோனேசிய ராணுவத்தோட சிலிவாங்கி படைப்பிரிவு கடைசியில கையில எடுத்த வழி இதுதான், கிராமத்து ஆளுங்களை ஆயிரக்கணக்குல கூட்டிட்டு வந்து மலையை சுத்தி வரிசையா நிக்க வச்சு கொஞ்சம் கொஞ்சமா வளையத்தை இறுக்கிக்கிட்டே போனாங்க, மலையில இருந்தவங்களுக்கு அரிசியும் போகல, ஆளும் போகல. 1962 ஜூன் 4ந்தேதி அவரை புடிச்சாங்க. அங்க இதை வெற்றிக் கதையாத்தான் சொல்லுவாங்க.

அதே வித்தையை 1981ல கிழக்கு திமோர்ல செஞ்சாங்க, அங்க அது வெற்றிக் கதை இல்ல. போராளிங்களை தேடுறதுக்கு பல்லாயிரக்கணக்கான திமோர் ஜனங்களை, சின்னப் பசங்களையும் சேர்த்து, வரிசையா நிறுத்தி மலையிலயும் காட்டுலயும் நடக்க வச்சாங்க, ராணுவம் பின்னாடி. சொந்த அண்ணன் தம்பியை தேடி நடக்கிற வேலி. சோறு சரியா கிடையாது, விதைக்கிற நேரத்துல ஆளுங்க வயல்ல இல்லாததால அடுத்த பட்டினிக்கும் அது வழி வச்சுச்சு. அந்த நாட்டோட உண்மை ஆணைக்குழு அறிக்கையில "பகார் பெத்திஸ்"ங்கிற பேரு அப்படியே இருக்கு. கிழக்கு திமோர் தலைநகரு டிலியில இருந்து வந்த ஒருத்தர் கூட ஒரு வாட்டி வேலை பார்த்தேன், மேட்ச் பார்த்துக்கிட்டு இருக்கும்போது கமெண்டரியில அந்த வார்த்தை வந்துச்சு, மனுஷன் எழுந்து வெளியே போயிட்டாரு. அன்னைக்கு எனக்கு ஏன்னு தெரியாது.

இதுக்கு இன்னும் பழைய வேர் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்ச கதை. செஜாரா மெலாயுன்னு மலாய் ராஜாக்களோட பழைய வரலாற்று நூல்ல வரும். சிங்கப்பூர் கடற்கரையை தோடாக் மீனு கூட்டம் கூட்டமா தாக்குது, நம்ம முரல் மாதிரி நீள மூக்கு உள்ள மீனு, பாய்ஞ்சு வந்து ஆளுங்க நெஞ்சுல குத்தி கொல்லுது. ராஜா என்ன பண்றாரு, ஆளுங்களை கரையோரமா வரிசையா நிக்க வச்சு கெண்டைக்காலாலேயே கோட்டை கட்டுறாரு. நூல்ல இருக்கிற வார்த்தை பகார் இல்ல, கோத்தா, நம்ம கோட்டை. அப்ப ஒரு சின்னப்பையன் வந்து ஏன் காலால கோட்டை கட்டுறீங்க, வாழைத்தண்டால கட்டலாமேங்கிறான். கட்டுறாங்க, மீனோட மூக்கு தண்டுல குத்தி மாட்டிக்குது, வெட்டித் தள்ளுறாங்க. ஊரு பொழைச்சுது, பையன் பொழைக்கல, இவ்வளவு புத்தி இருக்கிறவன் நாளைக்கு வளர்ந்தா ஆபத்துன்னு ராஜாவுக்கு ஓதிவிட்டு அவனை கொன்னுட்டாங்க. அவன் ரத்தம் பட்டுத்தான் மண்ணு சிவந்து புக்கிட் மேரா, சிவப்பு மலைன்னு பேரு வந்துச்சும்பாங்க.

அந்த வாழைத்தண்டு வரிசைதான் தஞ்சோங் பகாரில் இருக்கிற பகார்னு சிங்கப்பூர்ல ஒரு கதை ஓடும். தஞ்சோங்னா கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற முனை, அப்ப தஞ்சோங் பகார் வேலிமுனை. என்னைக் கேட்டா கதை அழகு, ஆனா பேருக்கு காரணம் அதைவிட சாதாரணம், அங்க மீனவர் கிராமம் இருந்துச்சு, மீனு புடிக்க கடல்ல கழி கழியா நட்டு கேலோங் போடுவாங்க, கரையில இருந்து பார்த்தா கடலுக்கு வேலி போட்ட மாதிரி இருக்கும். 1864ல அங்க கப்பல்துறை கம்பெனி வந்துச்சு, மூட்டை தூக்க நம்ம தமிழ் ஆளுங்க எத்தனையோ பேரு அங்க போயிருக்காங்க. 1955ல இருந்து 2015ல சாகுற வரைக்கும் சிங்கப்பூரோட மொதல் பிரதமர் லீ குவான் யூவோட தொகுதியும் அதுதான். எனக்கு அந்தப் பேரு ரயில் ஸ்டேஷனாத்தான் பழக்கம். 1932ல திறந்த ஸ்டேஷன், சின்ன வயசுல அத்தை வீட்டுக்கு கோலாலம்பூர்ல இருந்து ராத்திரி வண்டி புடிச்சு காலையில அங்கதான் போய் இறங்குவோம், சிங்கப்பூருக்கு நடுவுல மலேசியா ரயில்வே நிலம். 2011 ஜூன் 30ந்தேதி கடைசி வண்டி, ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டு போனாரு. சிங்கப்பூர் எம்ஆர்டி மெட்ரோ ஸ்டேஷன் போர்டுல தமிழ்ல தஞ்சோங் பகார்னு போட்டிருப்பாங்க, நான் இங்க பகார்னு எழுதுறதும் அதைப் பார்த்துத்தான்.

பகார் வர்ற ஊருப்பேரு இன்னும் நெறைய இருக்கு. தெற்கு சுமத்ராவுல டெம்போ எரிமலை அடிவாரத்துல பகார் ஆலாம்னு ஒரு ஊரு, டீ எஸ்டேட்டு நல்லா இருக்கும். அதைவிட பெரிய பேரு மேற்கு சுமத்ராவுல இருக்கிற பகாருயுங், மினாங்கபாவ் ராஜ்ஜியத்தோட தலைநகரு. ருயுங்னா பனை சாதி மரத்தோட வைரம் பாஞ்ச வெளிப்பட்டை, ஆக பனஞ்சிராம்பு வேலின்னு வச்சுக்கோங்க. 1773ல அங்க இருந்து வந்த ராஜா மெலேவார்தான் எங்க மலேசியாவுல நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு மொதல் அரசர், இன்னைக்கும் அங்க செரம்பான் பக்கத்து பழைய கட்டடங்கள்ல மினாங்கபாவ்காரங்களோட கொம்பு மாதிரி வளைஞ்ச கூரையை பார்க்கலாம். பகாருயுங் அரண்மனை 2007ல இடி விழுந்து எரிஞ்சு போச்சு, அப்புறம் திரும்ப கட்டியிருக்காங்க. அந்தப் பக்கத்துலயே ஆதித்யவர்மன் ராஜா வெட்டி வச்ச பண்டார் பாபஹாத் கல்வெட்டுல ஒரு பகுதி கிரந்த எழுத்துல இருக்கு, 14ஆம் நூற்றாண்டு. சுமத்ரா மலைக்குள்ள தென்னாட்டு எழுத்து, பகார்ங்கிற வார்த்தைக்கு நம்ம கை இல்லன்னாலும் பகாருயுங் பக்கத்துல நம்ம எழுத்து இருக்கு.

சரி, பழமொழிக்கு வர்றேன், இதை சொல்லாம விட்டா என்னை அடிப்பாங்க. "ஹாராப்கான் பகார், பகார் மாக்கான் பாடி". வேலியை நம்பினா வேலியே நெல்லை தின்னுச்சு. இந்தோனேசியாவுல சுருக்கி "பகார் மாக்கான் தனாமான்", வேலி பயிரை தின்னுது. வேலியே பயிரை மேய்ஞ்ச கதைன்னு நம்ம பாட்டி சொல்றதேதான். லஞ்சம் வாங்கின போலீசு, கூட்டுறவு சங்கத்து பணத்தை சுருட்டின பொருளாளரு, எல்லாருக்கும் பத்திரிகைக்காரன் கையில எடுக்கிற மொத சாட்டை இதுதான்.

மலேசியாவுல இதுல ஒரு தீராத பஞ்சாயத்து இருக்கு. வேலி எப்படிய்யா நெல்லை தின்னும், அது பகாரே இல்ல, "பெகார்"னு ஒரு பறவை, காட்டுக்கோழி ஜாதி, பூச்சியை தின்னு வயலை காப்பாத்தும்னு நம்பி விட்டா அது நெல்லையே தின்னுடுச்சு, அதுதான் ஒரிஜினல்னு ஒரு கோஷ்டி. இவங்க சொல்ற காரணம் சுத்தமா ஒதுக்கித் தள்ளுற மாதிரியும் இல்ல, பழைய ஜாவி எழுத்துல, அதாவது அரபி எழுத்துல எழுதின மலாய்ல, உயிரெழுத்தை பாதி விட்டுடுவாங்க, ப க ர மூணு எழுத்து மட்டும் இருந்தா பகார்னும் படிக்கலாம் பெகார்னும் படிக்கலாம். வருஷா வருஷம் வாட்ஸப்புல இது "உங்களுக்கு தெரியுமா"ன்னு சுத்தும், அனுப்புறவங்க எல்லாம் பெரிய ரகசியத்தை கண்டுபிடிச்ச மாதிரி அனுப்புவாங்க.

நான் பகார் கட்சி. பறவை நெல்லை தின்னா அதுல பழமொழி ஆகுற அளவுக்கு என்ன இருக்கு, பறவை நெல்லு தின்னத்தான் செய்யும். தின்னவே முடியாத ஒண்ணு தின்னுச்சுங்கிறதுலதான் அந்தக் குத்தல் இருக்கு. இதோட ஜோடியா மலாய்ல "சோகோங் மெம்பாவா ரெபா"ன்னு இன்னொன்னு இருக்கு, முட்டுக்கொடுத்த கழியே சாய்ச்சுடுச்சுன்னு, அங்க ஒரு பறவையும் இல்ல. இந்தோனேசியாவுல தனாமான்னு சொல்லும்போதும் வேலிதான். அப்புறம் நம்ம பக்கம் பாருங்க, தமிழ்ல வேலி, மலையாளத்துலயும் வேலி, கன்னடத்துல பேலி, தெலுங்குல கஞ்செ, நாலு பேரும் வேலி பயிரை மேயுதுன்னுதான் சொல்றாங்க, நாலு பேருக்கும் எழுத்து குழம்பிடுச்சா? மலாய்க்காரங்களுக்கு இது இந்தியாவுல இருந்து போச்சா தானா பொறந்துச்சான்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, ஆனா பெகார் கோஷ்டிக்கு நம்ம பாட்டிங்களை சாட்சிக்கு கூப்பிடலாம்.

நீங்க பார்த்த கடல் வேலி விஷயம், "பகார் லாவுட்". 2025 ஜனவரியில வெடிச்சுது. ஜகார்த்தாவுக்கு மேற்கே தங்கெராங் கடலோரத்துல மூங்கில் கழியை கடலுக்குள்ள நட்டு நட்டு 30.16 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி, 16 கிராமத்துக்கு முன்னாடி போகுது, மீனவங்க தினமும் சுத்திக்கிட்டு போகணும், டீசல் காசு யாரு குடுப்பா. தோண்டிப்பார்த்தா அந்தக் கடலுக்கு பட்டா போட்டிருக்காங்க, கட்டடம் கட்டுற உரிமைப் பத்திரம் 263, முழு சொத்துரிமைப் பத்திரம் 17ன்னு நில அமைச்சரே வந்து சொன்னாரு. தண்ணிக்கு பத்திரம்! ஜனவரி 18ந்தேதி கடற்படையும் மீனவங்களும் சேர்ந்து கழியை புடுங்க ஆரம்பிச்சாங்க, அந்த மாசமே பத்திரங்களை ரத்து பண்ணவும் ஆரம்பிச்சாங்க. ஒரு கழிக்கும் அடுத்த கழிக்கும் நடுவுல தண்ணி போகும், மீனு போகும், படகு போகாது. பகாருக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலயும் கிடைக்காது.

மலேசியா பக்கம் பகார்னா வயசானவங்களுக்கு வேற ஞாபகம் வரும். 1948ல வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவிச்சு, 1950ல பிரிக்ஸ்ங்கிற ராணுவ அதிகாரி பேருல ஒரு திட்டம் கொண்டாந்து, கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி போகக்கூடாதுன்னு காட்டோரத்து ஜனங்க சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்ங்க, புதுக்கிராமங்களுக்குள்ள கொண்டுபோய் முள்ளுக்கம்பி பகாருக்குள்ள வச்சாங்க. எஸ்டேட்டு லயத்தையும் விடல, லயத்தை எல்லாம் ஒண்ணா சேர்த்து சுத்தி கம்பி. எங்க பாட்டி பால்மரம் வெட்ட போகும்போது கேட்டுல சோத்துச் சட்டியை திறந்து காட்டிட்டுத்தான் போகணும்பாங்க, சாகுற வரைக்கும் வேலின்னு சொன்னதே இல்ல, "பகாருக்குள்ள இருந்தப்ப"ன்னுதான் கதையை ஆரம்பிப்பாங்க. இப்ப அதே வார்த்தை கௌரவமாயிடுச்சு, "கொமுனித்தி பெர்பகார்"னா வேலியும் காவலும் உள்ள பணக்கார குடியிருப்பு, விளம்பரத்துல பெருசா போடுவாங்க. எங்க தாமான்ல, அதாவது எங்க குடியிருப்புப் பகுதியில கூட குடியிருப்போர் சங்கம் ஒரு கட்டையை குறுக்க போட்டுட்டு மாசம் 50 வெள்ளி கேட்கிறாங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல போய் பாருங்க, கார்ட் தூங்குவான், கட்டை தூக்கியே இருக்கும்.

கண்ணுக்கு தெரியாத பகாரும் உண்டு. புது வீட்டுக்கு போனா மலாய்க்கார பக்கத்து வீட்டுக்காரம்மா "வீட்டுக்கு பகார் போட்டாச்சா"ன்னு கேட்டா கம்பி வேலியையும் கேட்கலாம், ஓதி உப்பு தெளிச்சு நாலு மூலையும் காவல் கட்டியாச்சாங்கிறதையும் கேட்கலாம். நாம திக்குக்கட்டு போடுறோமே அது மாதிரி. குரலை தாழ்த்தி கேட்டா ரெண்டாவது. இந்தோனேசியாவுல நஹ்டத்துல் உலமாங்கிற பெரிய முஸ்லிம் அமைப்போட சிலாட் (மலாய் தற்காப்புக் கலை) சங்கத்துக்கு பகார் நூசான்னே பேரு, 1986ல ஆரம்பிச்சது, அதுலயும் காவல்ங்கிற அர்த்தம்தான் நிக்குது. மலேசியாவுல செம்பனை தோட்டத்துக்கு யானை வராம வனவிலங்கு இலாகா போடுற கரண்ட் வேலியும் பகார்தான், அதுக்கு மந்திரம் வேலைக்கு ஆகாது.

இனி எழுதுற விஷயம், உங்களுக்கு இதுதான் வேலைக்கு உதவும். தடைன்னு வர்ற எடத்துல எல்லாம் பகார் போட்டீங்கன்னா சிரிச்சுடுவாங்க. பகார் கண்ணுக்கு முன்னாடி நிக்கிற வரிசைக்கு, இல்ல அப்படி கற்பனை பண்ணக்கூடியதுக்கு. வர்த்தகத் தடை, மொழித் தடை மாதிரி தொட முடியாததுக்கு இந்தோனேசியனில் "ஹம்பாத்தான்", இல்ல "கெண்டாலா". மலாய்ல அதுக்கு "ஹலாங்கான்" சகஜம். ஆனா அதே ஹலாங்கான்ல இருந்து வர்ற "பெர்ஹலாங்கான்" இந்தோனேசியாவுல வர முடியாத சூழ்நிலைங்கிற அர்த்தத்துல ஓடும், பொண்ணுங்க சொன்னா மாசத்து விலக்குன்னும் இருக்கும், அதனால ஆபீஸ்ல ஒருத்தங்க பெர்ஹலாங்கான்னு லீவு சொன்னா என்ன தடைன்னு நோண்டிக்கிட்டு நிக்காதீங்க. போலீஸ் ரோட்டுல வண்டியை மறிச்சு சோதிக்கிறது மலேசியாவுல "செகாத்தான்", பொருளாதாரத் தடையும் அதே வார்த்தை. தெருவுக்கு குறுக்க தூக்கி இறக்கிற கட்டைக்கு இந்தோனேசியாவுல "போர்ட்டல்"னுதான் சொல்லுவாங்க, நம்ம ஆளுங்க வெப்சைட்னு நினைச்சு தேடுவாங்க. வழியில வர்ற இடைஞ்சல், சோதனைக்கு எல்லாம் ரெண்டு நாட்டுலயும் "ரிந்தாங்கான்" ஓடும்.

ஓட்டப்பந்தயத்துல தடை தாண்டுறதுல ரெண்டு நாடும் பிரிஞ்சுடும். மலேசியாவுல "லாரி பெர்பகார்", லாரின்னா ஓடுறது, வேலி வச்ச ஓட்டம். சின்ன வயசுல ஸ்கூல் நோட்டீசுல 110 மீட்டர் லாரி பெர்பகார்னு பார்த்துட்டு எங்க மாமா கேட்டாரு, பள்ளிக்கூடத்துல எதுக்குடா வேலி போட்ட லாரின்னு. இந்தோனேசியாவுல அதே ஓட்டம் "லாரி காவாங்", காவாங்னா கோல்போஸ்ட். ஒரு தடவை நான் விளையாட்டு சாமான் கேட்டலாக் ஒண்ணு மாத்தும்போது பெர்பகார்னே விட்டுட்டேன், ஜகார்த்தாவுல இருந்து மெயில் வருது, தோட்டத்து வேலியை ஏன் அத்லெட்டிக்ஸ் பக்கத்துல போட்டிருக்கீங்கன்னு.

வினையா போடும்போது மலாய்ல "மெமாகார்" போதும், மொத ப விழுந்துடும், இந்தோனேசியனில் கடைசியில ஒரு இ சேர்த்து "மெமாகாரி"ன்னும் நெறைய எழுதுவாங்க. ஜாவாக்காரங்க வாயில பகார் "பகெர்"னு ஆகும், உங்க செக்யூரிட்டி அப்படித்தான் சொல்லுவாரு, வேற வார்த்தைன்னு நினைச்சுடாதீங்க.

கல்யாணத்துக்கு கண்டிப்பா போங்க. வெளியூர்க்காரனை பகார் பாகுஸா கூப்பிட்டா உங்களை வீட்டு ஆளா சேர்த்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், மாட்டேன்னா மனசு சங்கடப்படுவாங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி துணி குடுப்பாங்க, தைக்க அளவு குடுக்கிறதை கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. பேஸ்காப் கோட்டு குடுத்தாங்கன்னா கழுத்து மூடின கோட்டு, சுரபாயா வெயிலுக்கு வேர்த்து ஊத்தும், உள்ளே காட்டன் பனியன் போட்டுக்கோங்க. பெரியவங்க வந்தா லேசா குனிஞ்சு வலது கையால வழி காட்டுங்க, இடது கை வேண்டாம். விருந்தாளிங்க பாதி பேரு சாப்பிட்டு முடிச்ச அப்புறந்தான் உங்க வரிசைக்கு சோறு, அதனால காலையில வீட்டுலயே ரெண்டு இட்லி தின்னுட்டு போங்க.